முதல் ஆட்டம் யாருக்கு

எங்கள் தோட்டத்து விளையாட்டுக் கழகத்துக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் நான் எதைப் போட்டாலும் ஒரு சரி அடையாளத்தோடு நின்றுவிடும். குழுவில் இருக்கிற எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது சரி விழும். எல்லோருக்கும் போகிறது, ஒருவனுக்கு மட்டும் போவதில்லை. அவன் செத்து இரண்டு வருஷமாகிறது. அவனைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். எடுக்கிற அதிகாரம் கழகச் செயலாளரான எனக்குத்தான் இருக்கிறது. எத்தனையோ தடவை அவன் பெயர்மேல் விரலை வைத்திருக்கிறேன். அழுத்தியதில்லை.

மாதத்தில் ஒருநாள், பெரும்பாலும் ஒரு ஞாயிறு மத்தியானம், அந்த மாதம் முழுக்க நான் போட்ட எல்லாவற்றுக்கும் இரண்டாவது சரி கடகடவென்று விழும். முதல் தடவை அதைப் பார்த்தபோது கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே விட்டேன். பிறகுதான் விசாரித்து அறிந்தேன். அவன் மனைவி போனுக்குச் சார்ஜ் போட்டு, அவன் அனுப்பிய குரல் செய்திகளைக் கேட்பாள். கேட்டு முடித்ததும் அணைத்து வைத்துவிடுவாள். காரணம் தெரிந்த பிறகும், இரண்டாவது சரி விழும்போதெல்லாம் ‘வாங்கிக்கொண்டான்’ என்றுதான் முதலில் தோன்றும்.

அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எனக்குக் கணக்கு வந்தது, அவனுக்குக் கிரிக்கெட் வந்தது. நான் கொட்டகலைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராகிவிட்டேன்; அவன் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலேயே வேலைக்குச் சேர்ந்து, தான் குடியிருந்த கீழ்ப்பிரிவின் அணிக்குத் தலைவனானான். பந்தை ஒழுங்காகப் பிடிக்கக்கூடத் தெரியாதவனைக் கழகத்தில் என்ன செய்வது? செயலாளராக்கிவிட்டார்கள். அவன் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். தீபாவளிக்கு அந்த வீட்டில் முதல் இலை எனக்கு. எனக்கு இந்தத் தோட்டத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வேறு வீடு இல்லை. அம்மா அப்பா போன பிறகு நான் உரிமையோடு உள்ளே நுழைந்து சட்டியைத் திறந்து பார்க்கிற வீடு அது ஒன்றுதான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த இரண்டு வருஷமும் நான் பயந்து கிடந்தது அந்த வீட்டை இழந்துவிடுவேனோ என்றுதான்.

ஒவ்வொரு வருஷமும் தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மென்பந்து கிரிக்கெட் போட்டி வைப்போம். அணிக்கு ஆறு பேர். எட்டு அணிகள் வரும்: எங்கள் தோட்டத்து நாலு, பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மூன்று, நோர்வூட் பஜார் கடைக்காரப் பிள்ளைகளின் அணி ஒன்று. தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரே ஒரு மைதானம். தோட்டத்தை நிர்வகிக்கிற துரை ஒரு நாளுக்குத்தான் அனுமதி தருவார். அதிலும் மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் பந்து போடுகிறவனையே தெரியாது. இதற்குள் எப்படி நடத்துவது என்பதுதான் ஒவ்வொரு வருஷமும் எங்கள் சண்டை.

அவன் செத்த வருஷம் நான் நாக்அவுட் என்று பிடித்த பிடியில் நின்றேன். கணக்கு வாத்தியார் அல்லவா, வகுப்பில் சொல்வதுபோலவே கூட்டத்திலும் சொன்னேன். ஒவ்வோர் ஆட்டமும் ஒரு அணியை வீட்டுக்கு அனுப்பும். எட்டு அணி, ஒரு கிண்ணம். ஆக ஏழு அணியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அதற்கு ஏழு ஆட்டம் போதும். லீக் என்றால் எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும், இருபத்தெட்டு ஆட்டம் வரும், நாலு நாள் வேண்டும். எவ்வளவு அழகான கணக்கு என்று எனக்கு அன்றைக்குப் பெருமை வேறு.

அவன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“வாரத்துல இருக்கிறது ஒரு லீவு நாளு. விடியக் காலையில எந்திரிச்சு, ஜெர்சியெல்லாம் போட்டுக்கிட்டு வாரான். அவன ஒரு மேட்ச்சுல வெளிய தூக்கிப் போட்டா எப்புடிடா? ரெண்டு குரூப்பாவது பிரிச்சு வைடா. தோத்தாலும் மூணு மேட்ச் வெளாண்டுட்டுப் போவான்ல.”

“பனிக்குள்ள வெளாடுவியா நீ?” என்றேன்.

“ஒனக்கு வெளாடத் தெரியாது, அதான் சீக்கிரமா முடிக்கப் பாக்குற.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்கு மேல். கோபத்திலேயே நாக்அவுட் என்று எழுதிக் கழகத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். அன்றிரவு அவன் குழுவில் போட்டதுதான் அவனுடைய கடைசிச் செய்தி: ‘மாஸ்டர் சொன்னா சரி. அடுத்த வருசமாச்சும் லீக் வைங்கடா.’

யார் யாரோடு ஆடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வோம். அதற்கு எங்கள் தோட்டத்தில் ஒரு முறை இருக்கிறது. முதல் நாள் சனிக்கிழமை மாலை மாரியம்மன் கோயிலில், அம்மன் முன்னால் தட்டில் சீட்டுகளைப் போட்டு, பூசாரி ஒவ்வொன்றாக எடுத்து மடித்தபடியே செயலாளரிடம் தருவார். செயலாளர் பிரித்துப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொள்வார். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பட்டியலை மறுநாள் காலை தேங்காய் உடைத்த பிறகுதான் மைக்கில் வாசிக்க வேண்டும். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையான காரணம் வேறு. எதிரணி யாரென்று முதல் நாளே தெரிந்துவிட்டால், இரவோடிரவாக நானுஓயா வரைக்கும் போன் போட்டு வெளியாட்களை இறக்கிவிடுவார்கள். ஆகையால் அந்தப் பட்டியல் ஒரு ராத்திரி முழுக்க அம்மனுக்கும் செயலாளருக்கும் மட்டுமே தெரியும்.

அந்த வருஷம் அம்மன் எடுத்த பட்டியல் இது: முதல் ஆட்டம், நோர்வூட் பஜார் அணிக்கும் முந்திய வருஷம் கிண்ணம் வென்ற தொழிற்சாலை அணிக்கும். நாலாவது ஆட்டம், அவனுடைய கீழ்ப்பிரிவுக்கும் அப்போதுதான் பள்ளி முடித்த பையன்கள் சேர்ந்து அமைத்த அணிக்கும். அதைப் படித்தபோது மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தப் பையன்களை அவன் இடது கையால் அடிப்பான்.

காலை ஏழு மணிக்குப் பஜார் அணியின் வேன் வரவில்லை. போன் பண்ணினால், ஹட்டன் பாதையில் டயர் காற்றுப் போய்விட்டது என்றார்கள். விதிப்படி கால் மணி நேரம் பார்த்துவிட்டு எதிரணிக்கு வெற்றி கொடுத்துவிட வேண்டும். கிண்ணமும் மைக்செட்டும் பஜார்க்காரர்கள் தந்தது. அவர்களையே ஆடாமல் அனுப்பினால் அடுத்த வருஷம் எந்த முகத்தோடு கடை ஏறுவது? தலைவர் தேங்காயை உடைத்துவிட்டார். மைக் என் கையில். மைதானத்தைச் சுற்றிப் பார்த்தேன். கீழ்ப்பிரிவு ஆறு பேரும் ஆறரை மணிக்கே வந்து, பனி ஈரத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். வேறு எந்த அணியை முதல் ஆட்டத்துக்கு, அதுவும் கிண்ணம் வென்ற அணிக்கு எதிராக இறக்கினாலும் முணுமுணுப்பு வரும். அவன் என் ஆள், ஒன்றும் கேட்க மாட்டான்.

நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டே மாற்றி வாசித்தேன். முதல் ஆட்டம், தொழிற்சாலை அணியும் கீழ்ப்பிரிவும். நாலாவது ஆட்டம், பஜார் அணியும் பையன்களும். இதில் பெரிய பாவம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு வேன் வந்து சேரும்வரை நேரத்தை ஓட்டுகிற சின்னச் சமாளிப்பு, அவ்வளவுதான்.

தோற்றுப்போனான். எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த மேசைக்கு வந்தான்.

“என்னாடா மாஸ்டர், வெய்யில் வர்றதுக்குள்ள வீட்டுக்கு அனுப்பிட்டியே.”

“இருந்து மத்த மேட்ச்ச பாரு. மத்தியானம் சோறு இருக்கு.”

“தோத்துட்டு ஒக்காந்து சோறு தின்னவா? போயிட்டு வாறேன்.”

அணியிலிருந்த மற்ற ஐந்து பேரும் மைதானத்திலேயே தங்கிவிட்டார்கள். அவன் மட்டும் போனான். கீழ்ப்பிரிவுக்குத் தார்ப்பாதையில் போனால் ஒரு மணி நேரம். பன்னிரண்டாம் நம்பர் மலை வழியாகத் தேயிலைக்குள் இறங்கினால் இருபது நிமிஷம். வேலை நாளாக இருந்தால் அந்த மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். எந்த மரத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறது என்று கங்காணி சத்தம் போட்டுச் சொல்லியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் இல்லை. பருந்து வந்து கூட்டைக் கலைத்ததா, அவன் கல் எறிந்தானா, யாருக்கும் தெரியாது. விறகுக்குப் போன ஒருத்தி அவனை, உடம்பெல்லாம் குளவி கொட்டி, தேயிலைச் செடிக்குக் கீழே குப்புறக் கிடக்கக் கண்டபோது பத்து மணி தாண்டியிருந்தது. ஜெர்சியைத் தலைக்கு மேல் இழுத்து மூடியிருந்தானாம். மைதானத்துக்குச் செய்தி வந்தபோது மூன்றாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் மைக்கில் ஓட்டக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

செய்தி வந்த அதே நேரத்தில் பஜார் அணியின் வேனும் மைதானத்துக்குள் நுழைந்தது. அந்த வேனின் ஹார்ன் சத்தம் இப்போதும் என் காதில் கேட்கிறது. கொட்டகலையில் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்கும்போது வெளியே பாதையில் ஒரு வேன் ஹார்ன் அடித்தால் சோக்கட்டி கையிலேயே நொறுங்கிவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இழவு வீட்டில் தலைவர்தான் முதலில் அந்த வார்த்தையைச் சொன்னார். “என்னாம்மா செய்யிறது, அது ஆத்தா எடுத்த சீட்டு. மொத மேட்ச் அவனுக்குன்னு அவ எழுதி வச்சுட்டா.” தலைவிரி கோலமாகச் சுவரோடு சாய்ந்து கிடந்த அவன் மனைவி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொப்பி என் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆத்தா எடுத்த சீட்டு. கோழைத்தனம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு வேறு உதாரணம் தேவையில்லை. ஒரு தெய்வத்தின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த வருஷம் போட்டி வைக்கவில்லை. இந்த வருஷம் அவன் நினைவாக வைக்க வேண்டும் என்று முடிவானது. பழைய பிள்ளைக்காம்பரா, அதாவது முன்பு கொழுந்துக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போன அறை, அதுதான் இப்போது எங்கள் கழக அறை. அங்கே கூட்டம். சுவரில் அவனுடைய படம், மாலை, சின்ன மஞ்சள் பல்பு. அந்தப் படத்துக்கு நேர் எதிராகத்தான் செயலாளர் நாற்காலி.

“மாஸ்டர், ஃபோர்மட்ட சொல்லுங்க. வழக்கம்போல நாக்அவுட் தானே?” என்றார் தலைவர்.

ஏழு ஆட்டம், ஏழு அணியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ‘வீட்டுக்கு’ என்ற சொல்லிலேயே நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து போட்டு வைத்திருந்த கணக்கை எடுத்தேன். நாலு நாலு அணியாக இரண்டு குழு. குழுவுக்கு ஆறு ஆட்டம், ஆகப் பன்னிரண்டு. அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று. மொத்தம் பதினைந்து. அணிக்கு ஐந்து ஓவர் என்றால் பனிக்குள் மாட்டுவோம். நாலு ஓவராக்கினால் ஓர் ஆட்டம் அரை மணி நேரம். ஏழு மணிக்குத் தொடங்கினால் இரண்டரைக்கு முடிக்கலாம். யாரும் மூன்று ஆட்டத்துக்குக் குறைந்து போக மாட்டார்கள். கடைசி அணியின் கடைசி ஆட்டம் மத்தியானத்துக்கு மேல்தான் வரும்.

“நாலு ஓவர்ல என்னா கிரிக்கெட்? ரெண்டு பேரு அடிச்சா முடிஞ்சிருமே” என்று ஒருவர் சலித்துக்கொண்டார்.

“முடிஞ்சா முடியட்டும். ஆனா எவனும் காலையில தனியா நடந்து வீட்டுக்குப் போகக் கூடாது” என்று கத்திவிட்டேன். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். ஃபோர்மட் அப்படியே நிறைவேறியது. அவன் கேட்டது கிடைத்தது, இரண்டு வருஷம் தாமதமாக.

ஆனால் இரண்டு குழுவுக்கும் சீட்டுப் போட வேண்டுமே. மேல்பக்கத்து அணிகள் ஒரு குழு, கீழ்ப்பக்கத்து அணிகள் ஒரு குழு என்று பிரித்துவிடலாம், சீட்டு எதற்கு என்று சொல்லிப் பார்த்தேன். தலைவர் விடவில்லை.

“ஆத்தா முன்னாடி சீட்டுப் போடாம நம்ம தோட்டத்துல எந்தப் போட்டி நடந்துச்சு? அதுவும் இந்த வருசம் அவன் சம்சாரம் கையால எடுக்கட்டும். அந்தப் புள்ளைக்கும் ஒரு மரியாத. ஒங்கள அண்ணன்னு சொல்லுது, நீங்களே போயி கேளுங்க.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கினேன். அவன் போன வழியில் போகவில்லை, இரண்டு வருஷமாகவே நான் தார்ப்பாதையில்தான் போவேன். லயத்து வீட்டு வரிசைக்கு முந்திய வளைவில் வரும்போது மட்டைச் சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். கனமான, நடுமட்டையில் விழுகிற சத்தம். அப்படி அடிக்கிறவன் இந்தப் பக்கத்தில் ஒருவன்தான் இருந்தான். என் கால் அப்படியே நின்றுவிட்டது. திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு மெல்ல வளைவைத் திரும்பினேன். தண்ணீர் ஊற்றுகிற பீலிக்கடியில் கல்லின்மேல் நனைந்த கம்பளியைப் போட்டு அவள் அடித்துக்கொண்டிருந்தாள். கையில் அவனுடைய மட்டை.

“வாங்கண்ணே. என்னா பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?” என்று சிரித்தாள். “வீட்டுல சும்மா கெடக்குது. பொட்டியில வச்சுப் பூட்டவா? கம்பளிக்கு இத விட்டா நல்ல கட்ட இல்ல.”

தலைவர் சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

“கோயிலுக்கா? நான் வரலண்ணே. அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்த இல்ல.”

“யாருக்கும் ஒனக்கும்?”

“ஆத்தாளுக்கும் எனக்குந்தான். எட்டுச் சீட்டு தட்டுல கெடந்துச்சுல்ல. அதுல அந்த மனுசன மொத ஆட்டத்துக்குத் தூக்கிப் போட்டது அவ தானே. கொஞ்சம் பின்னாடி தூக்கிப் போட்டா அவளுக்கு என்னா கொறஞ்சு போயிருக்கும்? ரெண்டு வருசமா நான் அந்த வாசல மிதிக்கல. வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கல. கொழுந்துக்குப் போறப்ப அந்தப் பக்கம் திரும்பி, நீ நல்லா இருப்பியான்னு கேட்டுட்டுத்தான் போவேன்.”

தோட்டத்தில் எல்லோரும் அவள் கோயிலுக்கு வராதது கைம்பெண் என்கிற கூச்சத்தால் என்று நினைத்திருந்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இதுவரை நான் ஊமையாக இருந்தது அவளுக்கு ஆறுதலாகவாவது இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறுதலும் இல்லை ஒன்றும் இல்லை. தினமும் காலையில் அவள் வேறு யாரையோ சபித்துக்கொண்டு போயிருக்கிறாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“தங்கச்சி, அத ஆத்தா எடுக்கல. நான் மாத்தி வாசிச்சேன்.”

வேன் வராதது, கிண்ணம், பையன்கள் அணி, கொப்பி, எல்லாவற்றையும் சொன்னேன். பீலித் தண்ணீர் கம்பளிமேல் ஊற்றிக்கொண்டே இருந்தது. முடித்த பிறகு கேட்டாள்.

“சீட்டுல இருந்த மாதிரி வெளாடியிருந்தா ஜெயிச்சிருப்பாரா?”

கிரிக்கெட்டில் எதையும் சொல்ல முடியாது என்று தப்பித்திருக்கலாம். தப்பிக்கத் தோன்றவில்லை. “ஜெயிச்சிருப்பான்” என்றேன்.

“எத்தன மணி வரைக்கும் கிரவுண்டுல இருந்திருப்பாரு?”

“சாயங்காலம் வரைக்கும்.”

அவள் மட்டையைக் கல்லின்மேல் சாய்த்து வைத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். அழுவாள், இல்லை ஏசுவாள் என்று காத்திருந்தேன். இரண்டும் இல்லை.

“அவ கல்லு. நான் சொன்னதெல்லாம் தாங்கிக்கிட்டா. ஒண்ணும் செய்யாத அவள ரெண்டு வருசமா என்னா வார்த்தையெல்லாம் சொல்லியிருக்கேன்.” குரல் கொஞ்சமும் உயரவில்லை. “ஒங்களுக்கு ரெண்டு தீவாளிக்கு மொத எல போட்டேன்.”

“தங்கச்சி…”

“போங்க. சீட்டு எடுக்க வாறேன்னு தலைவர்கிட்ட சொல்லுங்க.”

மேடேறி வரும்போது மறுபடி மட்டைச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை இடைவெளியே இல்லை.

சனிக்கிழமை மாலை அவள் கோயிலுக்கு வந்தாள். கையில் ஒரு போத்தல் நல்லெண்ணெய். யாரோடும் பேசாமல் அம்மன் முன்னால் போய்த் தரையில் நெற்றியை வைத்துக் கிடந்தாள். பூசாரி இரண்டு தடவை மணி அடித்துவிட்டார், எழுந்திருக்கவில்லை. அவள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்று அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு தட்டிலிருந்து முதல் சீட்டை எடுத்தாள். நான் வழக்கப்படி கையை நீட்டினேன். அவள் அதை என்னிடம் தரவில்லை. தானே பிரித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

“வாய்விட்டுச் சொல்லக் கூடாதும்மா, நம்ம வழக்கம் அப்புடி” என்றார் தலைவர்.

“இனிமே வாய்விட்டுத்தான் சொல்லணுங்க. எடுத்தத எல்லாரும் கேக்கட்டும்.”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கொப்பியில் எழுதினேன். எட்டுச் சீட்டையும் அவளே பிரித்தாள், அவளே வாசித்தாள். ஏன் என்று யாருக்கும் அவள் சொல்லவில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கீழ்ப்பிரிவு இளைஞர்கள் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். அவள் சொல்லாமல் விட்டது எனக்கு இன்னும் கனமாக இருந்தது.

போட்டி நான் போட்ட கணக்குப்படியே நடந்தது. கீழ்ப்பிரிவு இரண்டு ஆட்டத்தில் தோற்றது. மூன்றாவது ஆட்டம் பன்னிரண்டரைக்கு. அன்றைக்கென்று பனி முந்திக்கொண்டு இறங்கிவிட்டது. மேசையிலிருந்து பார்த்தால் களத்தில் நிற்பவர்கள் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிந்தார்கள். பந்து தடுக்கிற கீழ்ப்பிரிவு ஆறு பேரும் சரியாக நிற்கிறார்களா என்று எண்ணினேன். ஏழு பேர் இருந்தார்கள். எழுந்து நின்று விரல் விட்டு எண்ணினேன். ஏழுதான். பனி கொஞ்சம் விலகியபோது மூன்றாவது தடவை எண்ணினேன், ஆறு பேர். யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆட்டத்திலும் தோற்றார்கள். ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மைதான ஓரத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுவிட்டு, இறுதி ஆட்டம் வரைக்கும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னிடம் வந்து, இந்த ஃபோர்மட்தான் மாஸ்டர் சரி, இனிமேல் இப்படியே வைப்போம் என்று கையைக் குலுக்கினார்கள்.

தொழிற்சாலை அணிதான் வென்றது. அவன் பெயர் பொறித்த கிண்ணத்தை அவள் கையால் கொடுக்க ஏற்பாடு. வழக்கப்படி செயலாளர் கிண்ணத்தை எடுத்து விருந்தினர் கையில் கொடுப்பார், விருந்தினர் அதை வென்ற அணித் தலைவனிடம் கொடுப்பார். நான் மைக்கில் அணியின் பெயரை வாசித்துவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து அவளிடம் நீட்டினேன். தோட்டமே சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. பீலியடியில் பேசிய நாளுக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

“மேசையில வைங்க மாஸ்டர். நான் எடுத்துக்கிறேன்.”

கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு நான் ஓரடி தள்ளி நின்றேன். அவள் அங்கிருந்து எடுத்துக்கொண்டாள்.